காலடிக்குப் பத்து மார்க்

பூனை வெளியே போன நேரம் பார்த்து, வீட்டுக்குப் புதிதாக வந்த ஹெட்போனின் நடுவில் போய் உட்கார்ந்தது சுண்டெலி. இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த போனில் ஒரு பாட்டைப் பல்லவிகூட முடிய விடாமல் அடுத்ததற்குத் தாவியது.

“பாட்டு எப்படிண்ணே?” என்றது சுவரிலிருந்த பல்லி.

“பாட்டை எவன் கேட்டான்? பேஸ் கம்மி. ஏழு மார்க்.”

“ஹெட்போன் முதுகெல்லாம் ஓட்டையா இருக்கே, வெளிச் சத்தம் உள்ளே வராதா?”

“வந்தா வரட்டும், நைநைங்காதே! கேம்ல எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு தெரியணும். அதுதான் பரீட்சை” என்று எரிந்து விழுந்துவிட்டு, சுண்டெலி கேமைத் திறந்தது. உடனே அதன் மீசை துடித்தது.

“அடடா, முதுகுக்குப் பின்னாலேயே மெத்து மெத்துன்னு வர்றான்! என்ன துல்லியம்! காலடிக்குப் பத்துக்குப் பத்து!”

பல்லி உத்தரத்துக்கே ஏறிவிட்டது.

“அண்ணே, கேம் இன்னும் லோடே ஆகலையே!”