அறுத்தால்தான் தெரியும்

"பல்லெல்லாம் மழுங்கிக் கிடக்கே தம்பி!" என்றாள் லூயெல்லா.

டெல்மர் அசரவில்லை. பழைய டிராக்டருக்குப் பொருந்துகிற இந்தப் புல் அறுக்கும் எந்திரத்தை விற்காமல் திரும்புவதில்லை என்று, தன் டிராக்டரிலேயே பூட்டி அவள் பண்ணைக்கு ஓட்டி வந்திருந்தான்.

"போன மாசம்தான் தீட்டினேன்மா. ஒரு பல்லுகூட ஆடாது, தொட்டுப் பாருங்க."

"தொட்டா என்ன தெரியும்? அறுத்தாதான் தெரியும். அந்த வேலி வரைக்கும் ஓட்டு."

ஓட்டினான். புல் பாய் விரித்தாற்போல் சாய்ந்தது.

"நேரா எந்த எந்திரமும் அறுக்கும். திருப்பத்துல மிச்சம் வைக்குமா?"

வளைத்து வளைத்துத் திருப்பிக் காட்டினான்.

"ஈரத்துல சிக்குமோ?"

ஓடையோரம் முழுக்க அறுத்தான். மேட்டிலும் ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அந்தக் கீழ்ப்பக்கம் யாரும்மா அறுத்தது?"

"நேத்து ஒருத்தர் வந்தாருப்பா. சனிக்கிழமை மழையாமே, அதுக்குள்ள அறுத்த புல்லெல்லாம் காயணும்." எலுமிச்சை ஜூஸை நீட்டினாள். "உன் எந்திரம் நல்லாத்தான் அறுக்குது. சத்தம்தான் ஜாஸ்தி. எனக்குச் சரிப்படாது."

டெல்மருக்குச் சப்பென்று போய்விட்டது. ஜூஸைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வாசல் கேட்டில் இன்னொரு பழைய டிராக்டர் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டிலும் புல் அறுக்கும் எந்திரம்.

"வாங்க, வாங்க!" லூயெல்லாவின் குரல் பின்னாலிருந்து கணீரென்று வந்தது. "பாத்தா ஒண்ணும் தெரியாது, அறுத்தாதான் தெரியும். அதோ, அந்தத் தம்பி விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிங்க!"