மாதாவை அனுப்பாத வீடு

தாயம்மா வாசலில் நின்று, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போக வேண்டுமானால் அவளைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

"இன்னிக்கு அனுப்ப முடியாதுங்க சிஸ்டர். நாளைக்குக் காலைல நானே கொணாந்து வுட்டுர்றேன்."

தலைமையாசிரியை ஷைலா சிஸ்டர், பக்கத்தில் நின்ற வின்னி டீச்சரைப் பார்த்தார். வின்னியின் முகம் வாடிப்போய்விட்டது.

மாதா பிறந்தநாள் திருவிழா வருகிறதென்றால், பள்ளிக்கூடத்து மாதா சுரூபம் கத்தோலிக்கப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவது வழக்கம். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி. மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டார் வந்து, செபம் சொல்லி எடுத்துப் போவார்கள்.

இந்த வருஷம் ஏழாம் வகுப்பு மமதா, "எங்க வூட்டுக்கு மட்டும் மாதா ஏன் வர்றதில்ல சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். சிஸ்டருக்குப் பதில் தெரியவில்லை. அதனால் மாதாவை அனுப்பி வைத்தார். மமதாவின் அம்மாதான் தாயம்மா.

"அப்பவே சொன்னனா இல்லியா?" என்றார் பர்னபாஸ், தெருவில் நின்றபடியே. அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். மாதாவுக்கு அடுத்தபடி தன் பேச்சைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தன்னைக் கேட்காமல் மாதாவை அனுப்பிய வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று செருப்பைக்கூட அவர் கழற்றவில்லை. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானம் கறி இல்லாத சாப்பாடு. அந்த மாதிரி நாளில் அவர் வாயில் விழாமல் இருப்பது நல்லது.

"தாயம்மா, டீச்சர் வீட்டுக்காரருக்கு விடிஞ்சா கோலார்ல ஆபரேஷன்" என்றார் சிஸ்டர். "வயித்துல கட்டி. போறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மாதா பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்படறார்."

வின்னிக்கு அழுகை வந்துவிட்டது. "மாதா வருவாங்க, வருவாங்கன்னு வாசலையே பாத்துக்கினு இருக்காரு. வெறுங்கையோட போயி நான் இன்னா சொல்லுவேன்?"

தாயம்மாவுக்கும் கண் கலங்கியது. கை மட்டும் இறங்கவில்லை. "எனக்கு மட்டும் மனசு இல்லியா டீச்சர்? ஆனா இன்னிக்குப் போயி எப்பிடி அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

சிஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், தெருப்பக்கம் சன்னலில் பர்னபாஸின் தலை தெரிந்தது.

உள்ளே பலகை மேல் மாதா. புதுச் சேலைத் துணி சுற்றி, தலை நிறைய மல்லிகை. முன்னால் ஒரு தட்டில் ரவிக்கைத் துணி, வளையல், மஞ்சள், குங்குமம்.

"பாத்தீங்களா சிஸ்டர்? பூசை ஆரம்பிச்சாச்சு! அடுத்த வாரம் கூழு ஊத்துவாங்க. அப்புறம் மாதா எங்க திரும்பி வர்றது?"

"ஐயோ, பூசை இல்லங்கய்யா. அது அவங்க போறப்ப குடுக்கறதுக்கு."

"போறப்பவா? நீதான் அனுப்பமாட்டேன்றியே! இரு, போலீசுக்கே போன் போடறேன்."

போனை எடுத்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வின்னியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

தாயம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நிறுத்துங்கய்யா! மாதாவுக்குப் பொறந்தநாளு, அதான் வூடு வூடா வர்றாங்கன்னு மமதா வந்து சொன்னா. உங்களுக்கு அவங்க அம்மா. இருக்கட்டும். பொறந்தநாளும் அதுவுமா என் வூடு தேடி வந்தவங்க எனக்குப் பொண்ணு. நேத்து ராத்திரி பூரா பக்கத்துலயேதான் படுத்திருந்தேன். நீங்களும் பொண்ணக் கட்டிக் குடுத்தவருதானே? அம்மா வூட்டுக்கு வந்த பொண்ண, இன்னிக்கு நீங்க அனுப்புவீங்களா?"

பர்னபாஸ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தாயம்மா நிலையிலிருந்து கையை எடுத்து வின்னியின் கையைப் பிடித்தாள். "மாதா அங்க வர முடியலன்னா, சாரு இங்க வரலாமே டீச்சர். ஆட்டோல இட்டுனு வாங்க. நீங்க செபம் சொல்லுங்க, நானும் உக்காந்துக்கறேன். விடியக்காலைல இங்கருந்தே கோலாருக்குப் பொறப்படலாம்."

வின்னி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தாள். "என்னங்க, மெதுவா ரெடியாவுங்க. மாதா உங்களக் கூப்பிடறாங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தால், பர்னபாஸ் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்து, மாதாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செபமாலையைக் கையில் எடுத்திருந்தார். தாயம்மாவிடம் காப்பி வேறு கேட்டுவிட்டார்.

சிஸ்டருக்கு மட்டும் இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "அனுப்பறதுக்கு இன்னைக்கு என்னங்கய்யா?" என்றார்.

பர்னபாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர் நீங்க! வெள்ளிக்கிழமைல போயி, பொண்ண அனுப்புன்னு கேக்க என்னையும் இட்டுனு வந்துட்டீங்களே!"