ஆஸ்பத்திரிக்குப் போனவள்

"பழியை இன்னொருத்தர் தலையில போடச் சொல்றியா?"

"ஆமா, போடத்தான் சொல்றேன். இப்ப என்னங்கறீங்க?"

மனைவி சொன்னதைக் கேட்டு டிரைவர் யூனிபார்ம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு விசாரணை. அவர் ஓட்டிய பஸ் விளக்குக் கம்பத்தில் மோதி, முன் சீட்டில் இருந்த டீச்சருக்குக் கால் உடைந்துவிட்டது. கண் அசந்தது அவர்தான். ஒத்துக்கொண்டு வேலையை விட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

"தூங்கினது நான். டிப்போ மேனேஜரா தூங்கினாரு?"

"தூங்கவிடாதது அவருதானே! டூட்டி முடிச்சு இறங்கின மனுஷனை, ஆள் இல்லைன்னு மறுபடி வண்டி ஏத்தினது யாரு?"

"வேலை வாங்கிக் கொடுத்தவருடி. சோறு போட்ட கை."

"சோறு போட்டது உங்க கை. ஸ்டியரிங் பிடிச்ச கை."

இவள் வாயை யாரால் அடக்க முடியும்!

"செத்தாலும் அவர் பேரைச் சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்க. உங்க தியாகத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க. நாளைக்கு இன்னொரு டிரைவரை இதே மாதிரி ஏத்தி அனுப்புவாரு. அந்த வண்டியில கால் மட்டும்தான் உடையும்னு என்ன நிச்சயம்?"

அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நீ பேசாதே. தினமும் பிளாஸ்கைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறியே, தெருவே சிரிக்குது. டீச்சர் காலைப் பிடிச்சு கேஸை அமுக்கப் பார்க்குறாளாம். என் மானத்தையே வாங்கிட்டே!"

அவள் சட்டையைப் பிடுங்கி, உதறி, அவர் தோளில் போட்டாள்.

விசாரணை அறையில் அதிகாரிக்குப் பக்கத்திலேயே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஊன்றுகோலோடு டீச்சர். மனைவி வாசல் பெஞ்சில்.

"கண் அசந்தது உண்மையா?" என்றார் அதிகாரி.

"உண்மை சார். முழுக்க என் தப்பு."

மேனேஜர் உச்சுக் கொட்டினார். "நல்ல மனுஷன் சார், பாவம். வீட்டுல சம்சாரம் ஒரு மாதிரி. ராத்திரி பூரா சண்டை போட்டிருப்பா, தூக்கம் கெட்டிருக்கும்."

டிரைவருக்குச் சுருக்கென்றது. இவருக்காகவா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்? 'கால் மட்டும்தான் உடையும்னு என்ன நிச்சயம்?' என்று காலையில் அவள் கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

"வீட்டுல சண்டையே இல்ல சார். நான் வீட்டுக்கே போகல! டூட்டி முடிச்சு இறங்கினவனை இவருதான் திரும்ப ஏத்தி அனுப்பினாரு. தூங்கினது என் தப்பு. ஏத்தினது இவர் தப்பு. ரெண்டையும் எழுதுங்க."

"பார்த்தீங்களா சார், பொண்டாட்டி சொல்லிக் கொடுத்த பாட்டு!" மேனேஜர் எகிறினார்.

"ஆமா, அவதான் சொல்லிக் கொடுத்தா. அதுக்கென்ன?"

மேனேஜர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. அந்தப் பொம்பளை தினமும் உங்ககிட்ட வந்து அழுதது எதுக்கு? புருஷனை மன்னிச்சு விட்டுடுங்கன்னுதானே?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்.

"இல்ல சார். நான் முதல் நாளே மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அவதான் கேக்கல. 'மன்னிச்சிடாதீங்கம்மா. மன்னிச்சா கேஸ் முடிஞ்சிடும். அவரைத் தூங்கவிடாதது யாருன்னு அப்புறம் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க'ன்னு தினமும் வந்து என்கிட்ட மல்லுக்கட்டிட்டுப் போனா."