பயோடேட்டா

தொழிலுக்கான வெப்சைட்டைத் தானே கட்டி மேய்ப்பவன் செஞ்சி சேசுராஜ். அதிலேயே தன் கல்யாண பயோடேட்டாவையும் ஏற்றி, லிங்க்கை அனந்தபுரத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பினான். மாலையே பெண்ணின் அப்பா தேவசகாயம் போன் செய்தார்.

"டவுன்லோடு பண்ணிப் படிச்சோம் தம்பி. நோய்நொடி எதுவும் இல்லன்னு போட்டிருக்குது, சந்தோஷம்."

"ஆமாங்க."

"எத வெச்சாலும் மிச்சம் வைக்காம சாப்புடற சுபாவமாமே."

அப்படி எழுதியதாக அவனுக்கு ஞாபகமில்லை. "ஆமாங்க" என்று நெளிந்தான்.

"வயசுதான் இடிக்குது. ஒன்றரைன்னு இருக்குது."

அவசரமாக லிங்க்கைத் தட்டினான். அவனது ஆட்டுப்பண்ணையில் விற்பனைக்கு நிற்கும் கிடாவின் விவரம் திறந்தது.

"மன்னிச்சுக்குங்க, ஃபைல் மாறிப்போச்சு. என்னுத இப்பவே அனுப்புறேன்."

"அது மெதுவா வரட்டும் தம்பி. எங்க பொண்ணுக்கும் இதுதான் புடிச்சிருக்குதாம். எப்ப ஓட்டிட்டு வரீங்க?"