மீசையில்லாத படம்

சிகரெட் பெட்டிக்குள் வைக்கும் அட்டைப்படத்துக்காக ஒருமுறை நின்றுகொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்றுதான் ஹாக்கி கோல்கீப்பர் சூசைநாதன் நினைத்திருந்தார். அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. தம்பி லாசர்தான் ஏதாவது ஒரு பெட்டியில் அண்ணன் படம் கிடைக்கும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் புகைத்தான். ஒருநாள் அவன் இருமியபோது ரத்தம் வந்தது. சூசைநாதன் சிகரெட் கம்பெனிக்குப் போனார்.

"என் படத்த நிறுத்திடுங்க சார்."

மேனேஜர் அவர் கையெழுத்துப் போட்டிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். "படம் எங்களுது. மூஞ்சி மட்டுந்தான் உங்களுது."

வீட்டுக்கு வந்ததும் சூசைநாதன் மீசையை மழித்தார். படத்தில் இருப்பவன் இனித் தானில்லை என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் கோலுக்குப் பின்னால் ஒருவன் கேமராவோடு நின்றதை அவர் பொருட்படுத்தவில்லை. மாதக் கடைசியில் கடைதோறும் விளம்பரம் தொங்கியது: 'மீசையில்லாத சூசைநாதன். புதிய படம்.'

அன்று மாலை லாசர் இருமிக்கொண்டே வந்து, இரண்டு அட்டைகளையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"இது கிடைக்கிறதுக்குப் பதினோரு பெட்டி ஆச்சுண்ணே," என்றான்.