விளக்கு எரியாத பெட்டி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தூசி படிந்த கார் ஒன்று பானெட் திறந்தபடி நிற்கிறது. அம்மாவை அட்மிட் செய்த அன்று நிறுத்தியது. இன்று வீட்டுக்குக் கூட்டிப்போகச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்பதோடு சரி. மேலே டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. அண்ணன் டிக்கியிலிருந்து, பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டரை, செங்கல் அளவு பெட்டியை, எடுத்துவந்து, சிவப்பு கிளிப்பையும் கறுப்பு கிளிப்பையும் பேட்டரியில் மாட்டிப் பொத்தானை அழுத்துகிறான். சார்ஜைக் காட்டும் அதன் நான்கு விளக்கில் ஒன்றுகூட எரியவில்லை. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறான்.

"டீசல் வண்டியையே கிளப்பும்னு பார்த்துப் பார்த்து வாங்கினது."

"எப்பண்ணா சார்ஜ் போட்டே?" ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கையின் குரலில் கோபத்துக்குக்கூடத் தெம்பில்லை. இத்தனை நாளும் அம்மாவின் கட்டிலருகே நாற்காலியில் கிடந்தவள் அவள்.

"வாங்கினப்போ. அப்புறம் எடுக்கவே இல்லையே."

"சும்மா கிடந்தாலும் இறங்கிடும்ணா. அப்பப்போ போடணும்."

பின்சீட்டில் தலையணையில் சாய்ந்திருக்கும் அம்மா, "அதுக்குமா சார்ஜ் போடணும்?" என்கிறாள்.

அண்ணன் பெட்டியை வாட்ச்மேன் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மூன்று விளக்கு எரிந்ததும் பிடுங்கிக்கொண்டு விரைகிறான். தங்கை ஸ்டியரிங்கில் கன்னம் பதித்துத் தூங்குகிறாள். மருந்துப் பை மடியிலிருந்து சரிந்து கிடக்கிறது. அவன் கிளிப்பை விரிக்கும்போது, திறந்திருக்கும் கதவு வழியே அம்மா கையசைத்துத் தடுக்கிறாள்.

"அவசரப்படாதே. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

"மூணு விளக்கு வந்திருச்சும்மா. போதும்."

"நான் பெட்டியைச் சொல்லலடா."