வில்லியனூர் பிளாட்பாரம்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு ரயிலேறிய வள்ளிநாயகி பிரசவத்தில் இறந்துபோனாள். அதன் பிறகு அவள் கணவன் சௌந்தரராஜன் வில்லியனூர் ஸ்டேஷனைக் கள்ளிப்பலகையில் சிறிதாகச் செய்தான். தண்டவாளம் போட்டான். சிவப்புத் தொப்பி போலீஸ் சிப்பாய் பொம்மை ஒன்றைக் காவலுக்கு நிறுத்தினான். வள்ளியைக் களிமண்ணில் செய்து பிளாட்பாரத்தில் கோந்தால் ஒட்டினான். இந்தத் தடவை அவள் ஏறிவிடக் கூடாது என்று ரயிலை மட்டும் செய்யவில்லை.

அதைப் படம் பிடித்து, புதுச்சேரியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெகநாதனிடம் கழுவக் கொடுத்தான்.

"ஸ்டேஷன் கெடக்கட்டும், ரயிலு அசலா இருக்குதுப்பா," என்றார் ஜெகநாதன். "புகைக்கு இன்னா வெச்ச, பஞ்சா?"

படத்தில், தூரத்து வளைவில் ரயில் வந்துகொண்டிருந்தது.

சௌந்தரராஜன் வீடு திரும்பித் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டான். மறுபடி படம் எடுத்துக் கொடுத்தான்.

"இப்ப ஸ்டேஷனுக்கே வந்துடுச்சே. பொட்டிக் கதவக்கூட தொறந்து வெச்சிருக்க. பலே ஆளுப்பா நீ."

அவன் வில்லியனூர் வீட்டுக்கு ஓடிவந்தான். சிப்பாய் நின்ற இடத்திலேயே நின்றான். வள்ளி இல்லை. பொம்மைகளை ஒட்டிய பிறகுதான் அவன் கரித்தூள் தூவிப் பிளாட்பாரத்தைப் பழசாக்கியிருந்தான். அதன் விளிம்பில், கரி படாமல், இரண்டு சின்னப் பாதங்கள் வெள்ளையாக இருந்தன.